வட்டம்: அயல்நாட்டுச் செலவில் அறியாது கொடுக்கும் காசு

தமிழில் வட்டம் என்பது பலபொருள் ஒருசொல். உருண்டை வடிவத்தையும், நாட்டின் ஒரு பகுதியையும், ஒரு நாணயத்தைக் கொடுத்து மற்றொரு நாணயம் பெறுமிடத்து இடையிற் கழிக்கப்படும் காசையும் அச்சொல் உணர்த்தும். முன்னை இரு பொருளும் இன்றும் மக்கள் நாவில் வழங்குகின்றன. வட்டாட்சியர் அலுவலகத்தின் படி ஏறாதார் நம்முள் யாவர்? மூன்றாம் பொருளோ அகராதிக்குள் ஒடுங்கிவிட்டது. சொல்வழக்கு வீழ்ந்தமையின் அக்காசும் வீழ்ந்தொழிந்தது போலும் என எண்ணுவார் உளராயின், அவர் ஒருமுறை தம் வங்கி அட்டையோடு கடல் கடந்து மீண்டு, பின்னர் வரும் கணக்குத் தாளை உற்று நோக்குவாராக. அக்காசு வீழ்ந்திலது. பெயர் மாறி, பல கூறாய்ப் பிரிந்து, கண்ணுக்கு எளிதிற் புலப்படா வகையில் நன்றாகவே வாழ்ந்து வருகின்றது.

மொழி பயிலும் மாணவர்க்கு வங்கிக் கணக்கோடு யாது தொடர்பு என்று ஆசிரியப் பெருமக்கள் வினவுதல் கூடும். யாம் சேத்தியாத்தோப்பைச் சார்ந்தேம் என்பதே அதற்கு விடை. சிதம்பரம், விருத்தாசலம், வடலூர், கும்பகோணம் ஆகிய ஊர்களின் வழிகள் வந்து கூடும் அவ்வூரின் வெள்ளாற்று அணைக்கட்டையும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையையும் வெளியூரார் அறிவர். அவ்வூரைச் சூழ்ந்த சிற்றூர்களில், ஒரு மகனேனும் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடா நாடுகளிலோ தொழில் செய்யும் குடும்பங்கள் பல உள என்பதனை அவர் அத்துணை அறியார். முன்னாளிற் கடிதம் எழுதவும் படிக்கவும் ஊரிற் படித்த பிள்ளையை நாடியவாறே, இன்று கைபேசியில் வரும் வங்கிச் செய்தியைப் படித்துப் பொருள் கூறவும் அக்குடும்பத்தார் கல்லூரி மாணவரை நாடுகின்றனர். யாம் பயில்வது தமிழ் ஆனர்ஸ் என்று கூறித் தப்புதற்கில்லை. “காலேஜில் படிக்கிறாய், இது தெரியாதா தம்பி?” என்பர். அங்ஙனம் பிறர் பொருட்டுப் படித்துப் படித்து அறிந்தவையே ஈண்டு உரைக்கப்படுவன.

முதற்கண் பழைய வட்டத்தைச் சிறிது நோக்குவோம். வெள்ளாறு சேத்தியாத்தோப்பைக் கடந்து பரங்கிப்பேட்டையிற் கடலோடு கலக்கின்றது. போர்ச்சுகீசியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலரும் வணிகம் நடத்திய துறை அது. பரங்கிப்பேட்டை வராகன் என்னும் பெயரானே ஒரு பொன் நாணயம் பதினெட்டாம் நூற்றாண்டில் வழங்கிற்று. சென்னையிற் கும்பினியார் வெளியிட்ட நட்சத்திர வராகன் வேறு. அதனினும் பரங்கிப்பேட்டை வராகன் மதிப்பிற் குறைந்தது. வராகனுக்கு இத்தனை பணம், பணத்திற்கு இத்தனை காசு என்னும் கணக்கு வேறு. ஆகவே துறைமுகத்தில் விற்றுப் பெற்ற நாணயத்தை ஊர்ச் சந்தையிற் செலவிட விழைந்தவன், இடையே காசுக்கடைக்காரன் பலகை முன்னர் நின்று வட்டம் கொடுத்தே தீரவேண்டியவனாயினன். 1818ஆம் ஆண்டிற் கும்பினியார் ரூபாயையே சென்னை மாகாணத்தின் நாணயமாக்கி, 100 வராகனுக்கு 350 ரூபாய் என விதித்த பின்னரே இவ்வுள்நாட்டு வட்டம் படிப்படியாக மறைந்தது. (காசுக்காரர் பலகை என்றவுடன் நம் வாசகர் பலர்க்கு எருசலேம் நகரத்துக் கவிழ்ந்த பலகைகள் நினைவிற்கு வருதல் இயல்பே. எம் பழைய காசுக்கடைக்காரனை அவ்வளவு கடுமையாகத் தண்டிக்க யாம் விரும்புகிலேம்.) அவன் வட்டம் கொண்டான், ஆயினும் கொண்டதை வாய்விட்டுச் சொன்னான். இவ்வளவு தருவேன் என்பான், போதாது எனலாம், அடுத்த கடைக்குச் செல்லலாம். கொடுப்பவன் தான் கொடுப்பது இவ்வளவு என்று அறிந்து கொடுத்தான்.

நாணயமாற்று என்பது தமிழர்க்கு அயலார் கலையுமன்று. நாட்டுக்கோட்டை நகரத்தார் இரங்கூனிலும் பினாங்கிலும் இலங்கையிலும் கிட்டங்கிகள் வைத்து நடத்திய வணிகம் யாவரும் அறிந்தது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் அவர்தம் கிட்டங்கிகள் நெடுங்காலம் நின்றன. ஓரூரிற் பணம் கட்டி, உண்டியல் எழுதிப் பெற்று, மற்றோரூரிற் காட்டிப் பணம் கொள்ளும் முறை அவர்க்குக் கைவந்தது. 1881ஆம் ஆண்டு மாற்றுமுறி ஆவணச் சட்டம் இயற்றிய ஆங்கில அரசும், நாட்டு மொழிகளில் எழுதப்பட்ட உண்டியல்களின் பழவழக்கைத் தொடாது விட்டது. 1937ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10ஆம் நாள் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூவிடத்தும் ஒரே நாளிற் கிளை திறந்தார். அயல்நாட்டு வங்கித் தொழிலிலும் நாணயமாற்றிலும் சிறத்தலே அவ்வங்கியின் நோக்கம். அம்மரபினர் வாழும் நாட்டில், இன்று அயல்நாடு செல்லும் ஒருவர் தாம் கொடுக்கும் வட்டம் எவ்வளவென அறியாதிருத்தல் வியப்பிற்குரியது.

இனி இன்றைய நிலை. நம்மவர் ஒருவர் தம் வங்கி தந்த அட்டையைச் சிங்கப்பூர்க் கடையொன்றிற் கொடுத்து 200 வெள்ளிக்குப் பொருள் கொள்கின்றார் என வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாதற்பொருட்டு ஒரு வெள்ளி 65 ரூபாய் எனக் கொள்க. பொருளின் விலை 13,000 ரூபாய். இவ்விலையை ரூபாயாக மாற்றுவது விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டைக் குழுவினர். அவர் விதிக்கும் மாற்று விலை பெரும்பாலும் சந்தை விலையை ஒட்டியே நிற்கும். அதனை நாள்தோறும் வெளியிடவும் செய்கின்றனர். குறை அங்கில்லை. அதன் மேல் அட்டை தந்த நம் வங்கி ஒரு மிகையை ஏற்றுகின்றது. நம் நாட்டு அட்டைகள் பலவற்றில் இது நூற்றுக்கு 3½. அஃதாவது 455 ரூபாய். அம்மிகை ஒரு சேவைக்குரிய கூலி எனப்படுதலின், அதன் மேற் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 18 வீதம் 81 ரூபாய் 90 காசு. ஆக 536 ரூபாய் 90 காசு பழைய வட்டத்தின் இடத்தில் நிற்கின்றது. கடைக்காரர் தந்த சீட்டில் இது காணப்படாது. கணக்குத் தாளிலும், சில வங்கிகள் தனி வரியாகக் காட்ட, வேறு சில மாற்று விலையோடு கலந்தே எழுதிவிடுகின்றன.

இஃதாவது ஒருவாறு பொறுக்கற்பாலது. இதனினும் கொடிய ஒன்றுண்டு. அதனை விளக்க எம் ஊர்ப் பெரியவர் ஒருவர்க்கு நேர்ந்ததைக் கூறுகின்றேம். கரும்பு பயிரிடுபவர், மகன் சிங்கப்பூரிற் கட்டடத் தொழிலில் மேற்பார்வையாளன். பேரனைக் காணச் சென்றவர், ஊர் திரும்புமுன் உறவினர்க்கெல்லாம் பொருள் வாங்க ஒரு பெரிய கடைக்குச் சென்றார். தம் டெபிட் கார்டைக் கொடுத்தபோது, கடைக்காரரின் சிறு கருவி ஒரு வினாவை எழுப்பிற்று: ரூபாயிற் செலுத்துகின்றீரா, வெள்ளியிற் செலுத்துகின்றீரா? பெரியவர் சற்றும் தயங்கவில்லை. “நம்ம ரூபாயிலேயே போகட்டும், அப்பத்தானே எவ்வளவுன்னு நமக்குத் தெரியும்” என்றார். இதனினும் அறிவுடைய விடை யாது? அயலூரிற் பழகிய முகம் ஒன்று எதிர்ப்பட்டால் அதனை நம்புதல் மனித இயல்பு. ரூபாய் என்னும் சொல் அவர்க்குப் பழகிய முகம்.

அந்த முகத்திற்குப் பின்னர் நடப்பது இது. ரூபாய் என்று கூறியவுடன், மாற்றும் வேலை அட்டைக் குழுவினரிடமிருந்து கடைக்காரரின் கருவியை நடத்தும் நிறுவனத்தின் கைக்குச் சென்றுவிடுகின்றது. அந்நிறுவனம் தான் விரும்பிய விலையை விதிக்கின்றது. அதில் ஒரு பங்கு கடைக்காரர்க்கும் செல்வதுண்டு. 65 ரூபாய்க்குரிய வெள்ளியை அது 68 ரூபாய் 90 காசு எனக் கணித்தால், 13,000 ரூபாய் 13,780 ஆகின்றது. இனி நம் வங்கியின் மிகை இல்லையன்றோ என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. கடை அயல்நாட்டில் உளது என்னும் காரணத்தால், ரூபாயில் நடந்த கணக்கின் மேலும் சில வங்கிகள் தனிக் கட்டணம் கொள்கின்றன. அது நூற்றுக்கு 1 எனக் கொண்டால் 137 ரூபாய் 80 காசும், அதன் மேல் வரி 24 ரூபாய் 80 காசும். முன்னர் 536 ரூபாய் 90 காசாயிருந்த வட்டம் இப்போது 942 ரூபாய் 60 காசு. பெரியவர் செய்த பிழை யாதுமில்லை. தமக்குப் புரிந்த மொழியில் விலை கேட்டார். அவ்வளவே.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு ஒருவகைக் காவல் உண்டு. அங்கு 2020 ஏப்ரல் முதல், இங்ஙனம் வாடிக்கையாளரின் நாணயத்திற் கணித்துக் கேட்பவர், ஐரோப்பிய மத்திய வங்கியின் மாற்று விலையினும் தம் விலை நூற்றுக்கு எவ்வளவு மிகுதி என்பதனைப் பணம் பெறுமுன் காட்டல் வேண்டும் என்பது சட்டம். சட்டம் காவாத இடங்களிற் செல்வோர்க்கு ஒரே விடைதான் உண்டு: எந்த நாட்டில் நிற்கின்றோமோ அந்த நாட்டு நாணயத்திலேயே கணக்கு முடிக்குமாறு கூறுதல். கடையிலும், விடுதியிலும், பணம் எடுக்கும் ஏ.டி.எம். கருவியிலும் இவ்விடை ஒன்றே. கருவி இருமுறை வினவினும் இருமுறையும் மறுத்தல் வேண்டும். சில கருவிகள் அங்ஙனம் வினவவும் செய்யும்.

ஏ.டி.எம். என்றமையின் அதனையும் கூறிவிடுவோம். அயல்நாட்டு ஏ.டி.எம். கருவியிற் பணம் எடுப்பவர் மூன்று வாயில்களிற் காசு கொடுக்கின்றார். கருவிக்கு உரிய அந்நாட்டு வங்கி ஒன்று கேட்கலாம். நம் வங்கி ஒவ்வொரு முறைக்கும் ஒரு நிலையான தொகை கொள்ளும். மேற்கூறிய மிகையும் உண்டு. முதலிரண்டும் எடுக்கும் தொகை சிறிதாயினும் பெரிதாயினும் அதே அளவின. ஆதலின் நாள்தோறும் சிறுகச் சிறுக எடுப்பவர் நாள்தோறும் வாயிற்காசு கொடுக்கின்றார். வேண்டியதை ஒருமுறையில் எடுத்துப் பத்திரமாக வைத்தல் சாலும்.

கடன் அட்டையைக் கொண்டு பணம் எடுத்தல் மட்டும் எவ்வாற்றானும் தவிர்க்கற்பாலது. பொருள் வாங்கினாற் கிடைக்கும் தவணை நாட்கள் பணம் எடுத்தாற் கிடையா. எடுத்த நாள் முதலே வட்டி ஏறும். எடுத்தற்குக் கட்டணமும் தனி. அவ்வட்டி பல அட்டைகளில் திங்களுக்கு நூற்றுக்கு 3 என்னும் எல்லையைக் கடந்தது. ஆண்டிற்கு 36க்கும் மேல்! கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டரசு 2003ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியதும், அச்சட்டத்தின் பெயரைக் கேட்டாலே எம் ஊர்க் கடைத்தெருவில் அனைவரும் தலையசைப்பதும் நினைவிற்கு வருகின்றன. பளபளக்கும் அட்டையில் அதே விகிதம் எழுதப்பட்டிருந்தால் ஒருவரும் தலையசைப்பதில்லை.

பழங்காலத்தும் பயணிகள் இத்தொல்லைக்கு ஆளாயினர் என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் தலைவராயிருந்த பார்கோ என்பவர் ஐரோப்பாவிற் சுற்றியபோது, தம் வங்கி தந்த கடன் கடிதங்களைப் பணமாக்க இயலாது இடர்ப்பட்டு மீண்டார். அதன் பயனாகவே 1891ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் பயணக் காசோலை பிறந்தது. நிறுவனத் தலைவர்க்கே அவ்வளவு தொல்லையாயின் பிறரைக் கூறவும் வேண்டுமோ? நூறாண்டுக்கு மேலாகப் பயணிகட்கு உதவிய அக்காசோலை இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. அதன் இடத்திற்கு வந்தது, புறப்படுமுன்னரே அயல்நாட்டு நாணயத்தை நிரப்பித் தரும் பாரெக்ஸ் அட்டை. நிரப்பிய நாளின் விலை நிலைத்துவிடுதலின், பின்னர் ரூபாய் வீழினும் கவலையில்லை. ஒரே நாட்டிற் பல திங்கள் தங்கிப் பயிலச் செல்லும் மாணவர்க்கு இது நன்று. ஆயினும் டாலர் நிரப்பிய அட்டையை யூரோ வழங்கும் நாட்டிற் பயன்படுத்தினால் மீண்டும் ஒரு மிகை. எஞ்சிய தொகையைத் திரும்ப ரூபாயாக்கினால் மற்றொரு விலை. நெடுநாள் பயன்படுத்தாது விட்டால் அதற்கும் கட்டணம் கொள்வன உள. மிகையே கொள்ளா அட்டைகளையும் சில வங்கிகள் தருகின்றன. ஆண்டுக் கட்டணம், குறைந்த இருப்பு முதலிய நிபந்தனைகளை நோக்கிய பின்னரே அவற்றை மெச்சுதல் வேண்டும்.

தாள் நாணயம் சிறிது கையில் இருத்தல் நன்று. வானூர்தி நிலையத்து மாற்றுக் கடையில் வாங்கினால் விலை பொதுவாக மிகுதி. நகருக்குள் நான்கு கடை கேட்டு வாங்கலாம். சிங்கப்பூரில் இராபிள்சு பிளேசு, சிராங்கூன் சாலை ஆகிய இடங்களில் நாணயமாற்றுக் கடைகள் அடுத்தடுத்து உள. தமிழ் முஸ்லிம் வணிகர் அத்தொழிலில் நெடுங்காலமாகச் சிறந்தவர். அங்கு இன்றும் பழைய காசுக்கடையின் முறையே நடைபெறுகின்றது: விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும், பிடித்தால் மாற்றலாம், பிடியாவிடில் அடுத்த கடை.

புறப்படுமுன் செய்தற்குரியது மற்றொன்றும் உண்டு. 2020ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி விதித்தவாறு, புதிதாக வழங்கப்படும் அட்டைகள் முதற்கண் உள்நாட்டுக்கு மட்டுமே உரியன; அயல்நாட்டிற் பயன்படுத்தும் உரிமையை அட்டைக்கு உரியவரே திறந்துகொள்ளல் வேண்டும். இதனை அறியாது சென்று, அயல்நாட்டுக் கருவி அட்டையைத் தள்ளியபோது கலங்கி நிற்போர் பலர். திறக்கும்போதே நாளொன்றுக்கு இவ்வளவு என எல்லை கட்டவும், மீண்டவுடன் மூடிவிடவும் கூடும். ஆண்டில் 10 இலட்சம் ரூபாய்க்கு மேல் அயல்நாட்டிற்கு அனுப்புவோரிடத்து முன்கூட்டியே வரி பிடிக்கும் விதி 2025 ஏப்ரல் முதல் நடப்பில் உளது. அது வருமான வரிக் கணக்கில் வரவாகத் திரும்புதலின் அதனை வட்டத்தோடு சேர்த்தெண்ணுதல் தகாது.

இனிக் கைபேசி வழியாகப் பணம் செலுத்தும் யுபிஐ முறையைப் பற்றிப் பலர் பெருமிதம் கொள்கின்றனர். பெருமிதத்திற்கு இடமுண்டு. 2023 பிப்ரவரி 21ஆம் நாள் நம் நாட்டு யுபிஐயும் சிங்கப்பூரின் பேநவ் முறையும் இணைக்கப்பட்டன. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரை அனுப்ப இடந்தரப்பட்டது. 2024 பிப்ரவரி 12ஆம் நாள் இலங்கையிலும் மொரீசியசிலும் அம்முறை தொடங்கிற்று. ஆயினும் ரூபாய் மற்றொரு நாணயமாகும் இடத்தில் மாற்று விலை ஒன்று இருந்தே தீரும். செலுத்துமுன் திரையில் அவ்விலையை நோக்குதல் வேண்டும். இலவசம் என்று எழுதியிருப்பினும், விலைக்குள் வட்டம் ஒளிந்திருத்தல் கூடும்.

செலவழிக்கச் செல்வாரைப் பற்றியே இதுகாறும் கூறினேம். ஈட்டச் செல்வார் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர் ஊர்க்கு அனுப்பும் பணத்திலும் இதே கழிவு நிகழ்கின்றது. 2015ஆம் ஆண்டில் உலக நாடுகள் ஐக்கிய நாட்டவையிற் கூடி ஏற்ற குறிக்கோள்களுள் ஒன்று, தொழிலாளர் தாய்நாட்டிற்கு அனுப்பும் பணத்தின் மேல் விழும் செலவை 2030க்குள் நூற்றுக்கு 3க்குக் கீழ் இறக்குதல். உலக வங்கியின் கணக்கில் உலகச் சராசரி நூற்றுக்கு 6க்கு மேற்பட்டே நின்றுவந்துளது. வங்கியின் கணக்கு விளங்காத தொழிலாளி என் செய்வான்? விளங்கும் வாயிலை நாடுவான். உண்டியல் என்னும் பெயரால் இன்று வழங்கும் மறைமுகப் பணப்போக்கு அங்ஙனம் வளர்கின்றது. நகரத்தார் காலத்தில் நேர்மைக்கு அடையாளமாய் நின்ற அச்சொல், 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் விதிமீறலின் பெயராகிவிட்டது. உண்டியற்காரனோ, இத்தனை வெள்ளி கொடு, உன் வீட்டில் இத்தனை ரூபாய் சேரும் என்று தமிழில், ஒரே தொகையாகக் கூறிவிடுகின்றான். பணம் தொலைந்தால் முறையிட இடமில்லை, சட்டமும் பற்றும். அவ்வழியை ஒருவரும் நாடற்க என்பதே எம் கருத்து. ஆயினும் அவன் தமிழிற் கூறும் ஒரு தொகையை, சட்டத்தின்படி நடக்கும் வங்கி ஏன் கூறுகின்றிலது என்னும் வினாவை விடுக்காதிருத்தல் இயலவில்லை.

இதற்கு இருவகை மறுப்புக் கேட்டுளேம். வங்கிக்கும் செலவு உண்டன்றோ என்பது ஒன்று. உண்டு. அட்டைக் குழுவினர்க்குக் கொடுப்பதும், திருட்டினால் நேரும் இழப்பும், நாணய விலை ஏறி இறங்குதலும் வங்கி ஏற்பனவே. உழைப்புக்குக் கூலி தகும். கூலி எவ்வளவென்று கேட்டறியும் உரிமை கொடுப்பவனுக்கு உண்டு என்பதே எம் வழக்கு. அயல்நாடு செல்லும் செல்வர்க்கு ஐந்நூறு ரூபாய் ஒரு பொருளோ என்பது மற்றொன்று. இவ்வாறு கூறுவோர் சேத்தியாத்தோப்புப் பேருந்து நிலையத்தில் ஓரிரவு நிற்பாராக. திருச்சிராப்பள்ளி வானூர்தி நிலையம் நோக்கிப் புறப்படும் இளைஞர் கையில் இருப்பது நகை அடகு வைத்த பணம். கல்விக் கடன் பெற்று மேற்படிப்பிற்குச் செல்லும் நம் கல்லூரிப் பழைய மாணவரையும் செல்வர் எனல் எவ்வாறு பொருந்தும்? செல்வர் இழப்பது உண்மையிற் குறைவு. மிகையில்லா உயர்தர அட்டைகள் பெரும்பாலும் அவரைத் தேடியே வருகின்றன. முழு வட்டமும் கொடுப்பவர் சாதாரண அட்டை வைத்திருப்பவரே.

ஆகவே வங்கிகளிடத்து யாம் வேண்டுவது இது. ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, கடன் அட்டைக்கு விண்ணப்பிப்பவர்க்கு வட்டியும் கட்டணங்களும் அடங்கிய ஒரு பக்கக் குறிப்புத் தருதல் வங்கியின் கடன். வங்கிக் கிளையிற் பொதுமக்கள் பயன்படுத்தும் படிவங்கள் ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி ஆகிய மும்மொழியிலும் இருத்தல் வேண்டும் என்பதும் அவ்வங்கியின் நெடுநாளைய அறிவுரை. பணம் கட்டும் சீட்டிற் தமிழ் இருக்கின்றது. பணம் கொடுக்கும்போது தமிழும், பணம் பிடிக்கும்போது ஆங்கிலமும் என்பது என்ன நீதி? அக்குறிப்பு டெபிட் கார்டு பெறுவோர்க்கும் தமிழில் வழங்கப்படுக. அயல்நாட்டு உரிமையைக் கைபேசியில் திறக்கும் அந்நேரத்தில், “100 ரூபாய் செலவிட்டால் உம் கணக்கில் இத்தனை ரூபாய் கழியும்” என்று, நூற்று வீதமாக அன்று, ரூபாயாக ஒரு வரி தோன்றுக. கணினிக்கு இஃதொரு பெரும் பாரமன்று.

தமிழ் மாணவராகிய எமக்கும் ஒரு பங்குண்டு. அவ்வொரு வரியை எழுதச் சொல் வேண்டும். பாரின் கரன்சி மார்க்அப் என்பதை ஒலிபெயர்த்து எழுதினால் எம் ஊர்ப் பெரியவர்க்கு விளங்காது. வங்கிகளின் தமிழ்ப் பக்கங்களில் அதனைப் பலவாறு மொழிபெயர்த்துளர். யாம் கண்டவற்றுள் ஒன்றேனும் உரக்கப் படித்தாற் பொருள்படவில்லை. நாணய வட்டம் என்று எழுதினால் என்ன? சொல் சிறிது, பொருள் பழையது, வட்டி என்னும் சொல்லுக்கு அண்டையில் நிற்றலின், கேட்டவுடன் ஏதோ பணம் கழிகின்றது என்னும் எச்சரிக்கையேனும் தோன்றும். ஆசிரியர்கள் இதனினும் நல்ல சொல் தருவாராயின் ஏற்போம்.

வங்கிகள் அசைய நாட்செல்லும். அதற்குள் நம் தமிழ் மன்றம் ஒரு தாள் அச்சிடலாம். பெரிய எழுத்தில், ஒரு பக்கத்தில் அடங்குவதாக: அட்டையின் அயல்நாட்டு உரிமையைத் திறக்கும் வகை, கருவி ரூபாயா என வினவினால் மறுத்து அந்நாட்டு நாணயத்தைத் தொட வேண்டும் என்பது, கடன் அட்டையிற் பணம் எடாமை, ஏ.டி.எம். கருவியில் ஒருமுறையில் எடுத்தல். பிழை கண்டால் முதலில் வங்கிக்கும், அங்கு 30 நாளில் தீர்வு பெறாவிடின் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்க்கும் எழுதுதல். இவ்வைந்தே போதும். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் பிறவிடங்களிலும் வாழும் நம் பழைய மாணவர் இம்மலரைப் படிப்பாராயின், தத்தம் நாட்டுக் கருவி அவ்வினாவை எந்தச் சொற்களில் எழுப்புகின்றது என்பதனை மன்றத்திற்கு எழுதியனுப்புவாராக; திரையில் தோன்றும் சொற்களை அவ்வாறே தமிழெழுத்திற் பதித்தல் படிப்பறிவு குறைந்தார்க்கும் உதவும். அச்சுக்கூலியை மன்றம் ஏற்குமாயின், சேத்தியாத்தோப்புப் பேருந்து நிலையத்திலும் சுற்றுச் சிற்றூர்களிலும் வழங்கும் வேலையை யாமே ஏற்றுக்கொள்கின்றேம்.